என் நாத்தனார் சாப்பிட்டுச் சொன்னது

காய்ச்சல் விட்ட அன்று காலை காபியை வாயில் வைத்தேன். சூடு தெரிந்தது. லேசாக இனிப்பு தெரிந்தது. காபி மட்டும் தெரியவில்லை. டிகாக்‌ஷன் ஊற்றக் கணவர் மறந்துவிட்டாரோ என்று டம்ளருக்குள் எட்டிப் பார்த்தேன். நிறமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. காபிப் பொடி டப்பாவைத் திறந்து கிட்டத்தட்ட மூக்கையே உள்ளே விட்டேன். வெறும் காற்று. கொத்துமல்லிக் கட்டை முகர்ந்தேன், பெருங்காயத்தை முகர்ந்தேன், கடைசியில் சாக்கடைப் பக்கம்கூடப் போய் நின்று பார்த்தேன். உலகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

சிலருக்கு இப்படி ஆகும், தானாக வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வேறு யாருக்காவது என்றால் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். எனக்குப் பிழைப்பே அதில்தான் இருந்தது. நான் விளம்பரம் எழுதுகிறவள். அதிலும் சாப்பாட்டுக்கு எழுதுகிறவள். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பல வருடம் இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் கணவரின் ஊரான உத்திரமேரூருக்கு வந்துவிட்டோம். அவருக்கு ஒரகடத்தில் வேலை, கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். எனக்கு மாடியில் ஒரு அறை, ஒரு லேப்டாப், கரண்ட் போனால் தாங்க ஒரு இன்வெர்ட்டர். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு ஊறுகாய், பொடி, தொக்கு என்று வீட்டளவில் செய்து விற்கிறவர்களுக்கு எழுத ஆரம்பித்திருந்தேன்.

அப்போது கையில் இருந்தது ஒரு மீன் குழம்புத் தொக்கு. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அம்மா செய்கிறார். புளி கரைக்க வேண்டாம், மசாலா அரைக்க வேண்டாம். மீனைக் கழுவி, தொக்கைக் கரைத்துக் கொதிக்க வைத்தால் குழம்பு. பாட்டில் வந்து மேசைமேல் உட்கார்ந்திருந்தது. மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு, புளிப்பு, எரிச்சல். நாக்கு அவ்வளவுதான் சொன்னது. மற்றதெல்லாம் மூக்கின் வேலை என்பது மூக்கு போன பிறகுதான் தெரிகிறது.

எழுதித் தருகிற செயலி ஒன்று லேப்டாப்பில் இருக்கிறது. அதனிடம் கேட்டேன். எனக்கு அந்தச் செயலிமேல் மரியாதை உண்டு. சலிக்காது, கோபப்படாது, கேட்டு முடிப்பதற்குள் எழுதிவிடும். ‘பாரம்பரியச் சுவை, இனி உங்கள் சமையலறையில்’ என்றது. ‘ஒருமுறை சுவைத்தால் மறக்க மாட்டீர்கள்’ என்றது. இன்னும் கேட்டேன், இன்னும் கொடுத்தது. ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அந்த வரிகளை மீன் குழம்புக்கும் போடலாம், அப்பளத்துக்கும் போடலாம். செயலியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைய நிலையில் எனக்கும் அதற்கும் வித்தியாசமே கிடையாது. இரண்டு பேருமே அந்தக் குழம்பைச் சாப்பிட்டதில்லை.

அந்த நேரத்தில்தான் என் நாத்தனார் சாப்பிட வந்தாள்.

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆதார் திருத்தம், பட்டா, பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். காலையிலிருந்து ஒரு கூட்டம் அவளைச் சுற்றி நிற்கும். சர்வர் வரவில்லை என்றால் அவளைத்தான் திட்டுவார்கள், அவளும் பதிலுக்குத் திட்டுவாள். அவளுக்குச் சுமாராகத்தான் சமைக்க வரும். அதை அவளே சொல்லிக்கொள்வாள், அவள் வீட்டில் சமைப்பது அவள் வீட்டுக்காரர். ஆனால் சாப்பிடுவதில் அவளைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. நிறையச் சாப்பிடுகிறாள் என்று சொல்லவில்லை. தட்டு முன்னால் உட்கார்ந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பாள். முதல் வாய்க்கு ஒரு வார்த்தை பேச மாட்டாள். யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் காதுகொடுத்துக் கேட்கிற மாதிரி ஒரு முகம் வரும்.

அன்றைக்கு ஏரி விரால் வாங்கி அந்தத் தொக்கைப் போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். உள்ளே வந்தவள் என்னைப் பார்த்தாள்.

“இன்னா அண்ணி, மூஞ்சி இப்டி தொங்கிக்கினு கீது?”

“வாசனை தெரியலம்மா. எதுவும் ருசிக்கல. இந்தத் தொக்குக்கு எழுதிக் குடுக்கணும். என்னன்னு எழுதறது?”

“இதுக்கா இவ்ளோ பேஜாரு? கொளம்ப ஊத்து. நான் துன்னுட்டு சொல்றேன்.”

சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். முதல் வாய். பேச்சில்லை. இரண்டாம் வாய்க்குப் பிறகு நிமிர்ந்தாள்.

“மொதல்ல புளி வருது அண்ணி. ஆனா கதவ ஒதச்சிக்கினு வரல. செருப்ப வாசல்ல வுட்டுட்டு வருது.”

“அப்புறம்?”

“அப்பால மொளகா. அது எப்ப வந்துச்சின்னே தெரியல. சத்தமில்லாம வந்து குந்திக்கினு கீது. முழுங்கினப்பறந்தான் ‘நானும் கீறேன்’னுது.”

“மீன்?”

“மீனு இன்னும் கொளம்போட பேச ஆரம்பிக்கல. புதுசு இல்ல? கொளம்பு இன்னிக்கி கொஞ்சம் கோவமா கீது. நாளைக்கி சமாதானம் ஆயிடும். எனக்கு நாளைக்கி எடுத்து வை.”

எழுத வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னால் வேறொன்று நடந்தது. என் வாயில் எச்சில் ஊறியது. காய்ச்சலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. என் முன்னால் இருந்த அதே குழம்பு எனக்கு வெறும் சூடான உப்புத் தண்ணீர். அவள் சொல்லில் மட்டும் அது குழம்பாக இருந்தது. நானும் ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஒன்றும் தெரியவில்லைதான். ஆனால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிற புளியை என்னால் நினைத்துக்கொள்ள முடிந்தது. அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

‘இன்று கொஞ்சம் கோபமாக இருக்கும். நாளைக்குச் சமாதானமாகிவிடும்.’ இதைத்தான் அந்தச் செங்கல்பட்டு அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“என்னங்க இது? காசு குடுத்து வாங்கறவங்க, அப்ப இன்னிக்கு நல்லா இருக்காதான்னு கேக்க மாட்டாங்களா?”

அவரிடம் மறைக்கத் தோன்றவில்லை. மூக்கு போனது, நாத்தனார் சாப்பிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

“மீன் கொளம்பு வெக்கிற வூட்ல எல்லாருக்கும் இது தெரிஞ்சதுதாங்க. நானே மறுநாளைக்குன்னு ஒளிச்சி வெப்பேன். அப்படியே போடுங்க. உங்க மூக்கு வர்றப்ப வரட்டும்.”

பாட்டிலிலும் இணையத்திலும் அதையே போட்டோம். ஜனங்கள் மறுநாள் குழம்பைப் படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். பழைய சோற்றில் ஊற்றியது, தோசைக்குத் தொட்டுக்கொண்டது, சட்டியின் அடியில் வழித்தது. சமாதானம் ஆகிவிட்டது என்று ஒருவர் எழுதினார். எங்கள் வீட்டில் மறுநாள் வரை மிஞ்சவே இல்லை, இதற்கு என்ன செய்வது என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். வண்டி வண்டியாக விற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா எழுதச் சொல்லி அடுத்தடுத்துப் பாட்டில்கள் அனுப்பினார்.

அதற்குப் பிறகு நானும் நாத்தனாரும் ஸ்கூட்டரில் சுற்ற ஆரம்பித்தோம். கடை லீவு விடுகிற நாளில் அவள் ஓட்டுவாள், நான் பின்னால். எனக்கு ருசி இல்லாததைப் பற்றி அவள் ஒருநாளும் ஐயோ பாவம் என்று சொன்னதில்லை. எனக்கும் சேர்த்துச் சாப்பிடுவதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். காஞ்சிபுரத்தில் கோயில் இட்லி வாங்கிக்கொண்டு ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம்.

“இது மெத்துன்னு கீற ஜாதி இல்ல அண்ணி. பெரிய மனுசன். அவசரமே இல்லாம குந்திக்கினு கீறாரு. மொளகும் சுக்கும் ஒரு ஓரமா ரகசியம் பேசிக்கினு கீது. நெய்யி காதுல வாங்கியும் வாங்காத மாதிரி போவுது.”

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் வேடிக்கைக்காகச் சொல்லவே இல்லை, நடந்ததைச் சொன்னாள். ஒரு தடவை புதிதாகத் திறந்த ஒரு பிரியாணிக் கடையில் இரண்டு வாயோடு நிறுத்திவிட்டாள். எப்படி இருக்கிறது என்றேன். “உள்ள யாருமே இல்ல அண்ணி” என்றாள். எழுந்து கை கழுவிவிட்டோம்.

என் தொழிலில் ‘சுவையான’, ‘மணமான’ என்றெல்லாம் எழுதிக் குவித்திருக்கிறேன். அவள் பேச்சில் அந்த வார்த்தைகள் வந்ததே இல்லை. நல்லா இருக்கு என்றுகூடச் சொல்ல மாட்டாள். யார் முதலில் வந்தார்கள், யார் பின்னால் நின்றார்கள், யாரோடு யார் சேரவில்லை, அதுதான் பேச்சு. ஒரு நாள் முழுக்க வாசலில் மனிதர்கள் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குச் சாப்பாடும் அப்படித்தான் வருகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். நான் அதைக் கேட்டு, பெரும்பகுதியை வெட்டி, ஒரு வரியை மட்டும் எடுத்து வைப்பேன். அந்த வரி எது என்பதில் எனக்குத் தடுமாற்றம் வந்ததில்லை. மூக்கு இல்லாமலும் என்னிடம் மிஞ்சியிருந்த திறமை அது.

செங்கல்பட்டு அம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. நாத்தனாரையே வீடியோ எடுத்தால் என்ன? எனக்கும் சரியென்று பட்டது. அவளிடம் சொன்னேன். பட்டுப்புடவை கட்டி, பவுடர் போட்டு, பூ வைத்துக்கொண்டு வந்தாள். போனை ஸ்டாண்டில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, குழம்பை ஊற்றினேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இந்தக் குழம்பு மிகவும் சுவையாக உள்ளது. அனைவரும் வாங்கிப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மறுபடி எடுத்தோம். மறுபடியும் ‘உள்ளது’. நம் வீட்டில் பேசுகிற மாதிரி பேசு என்றேன். “நான் எப்டி பேசுவேன்?” என்று என்னையே கேட்டாள். கடைசியில் தட்டைத் தள்ளினாள்.

“போ அண்ணி, எனக்கு வரல. அந்த போனு என்ன மொறச்சிக்கினே கீது. எனக்குப் பசிக்குது, அத்த தூக்கி அந்தாண்ட வை.”

வைத்தேன். புடவை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்து, ஆறிப்போன குழம்பைச் சாப்பிட்டபடி என்னென்னவோ சொன்னாள். போனை அவளுக்குத் தெரியாமல் ஓட விட்டிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. செய்யவில்லை. குரலை மட்டுமாவது பதிவு பண்ணிக்கட்டுமா என்று கேட்டேன்.

“நான் துன்றத ஊரே கேக்கணுமா? நீ எளுது. உன் கையி நல்லாதான் கீது.”

யாரிடமும் எளிதில் நல்லா இருக்கு என்று சொல்லாதவள் சொன்னது. அந்தப் பாராட்டை நான் யாருக்கும் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

வாசனை திரும்பியது அவள் கடையில். வீட்டு வரி ரசீதை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். யாருடைய சாதிச் சான்றிதழையோ அவள் லேமினேஷன் மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று சூடான பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. முதலில் அது என்னவென்றே புரியவில்லை. புரிந்ததும் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“இன்னா அண்ணி, பிளாஸ்டிக் நாத்தத்துக்கா அளுவுற?” என்றவள், மெஷினை அப்படியே விட்டுவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டின் வாசனை அவ்வளவு நேராக வரவில்லை, கோணலாக வந்தது. வெங்காயம் வதக்கினால் டயர் எரிகிற மாதிரி இருக்கும். பூண்டு பக்கம் போக முடியாது. வாசனை இல்லாத நாட்களைவிட அதுதான் கொடுமை. வீட்டில் வெங்காயமே வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார், தாளிக்காத தயிர்சாதத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். நாத்தனார் விடவில்லை. சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து எதிரில் உட்காருவாள். துளி வதக்கிய வெங்காயத்தைத் தட்டின் ஓரத்தில் வைப்பாள்.

“உன் மூக்கு பொய் சொல்லுது. அத்த நம்பாத. நான் சொல்றேன், இனிப்பா கீது. ஓரத்துல கொஞ்சம் தீஞ்சி, நல்லாவே இனிப்பா கீது. துன்னு.”

அவள் சொன்னதை நம்பித்தான் விழுங்கினேன். மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் வந்தது. ஒருநாள் வெங்காயம் வெங்காயமாகவே மணந்தது.

இப்போது எனக்கு எல்லாம் தெரிகிறது. இருந்தாலும் புதிய பாட்டில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குத்தான் போகிறேன். போன வாரம் ஒரு மாங்காய்த் தொக்கு வந்தது. கூடவே இட்லியும் கட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கு ஒரு விள்ளல் எடுத்தோம்.

“புளிப்பு கொஞ்சம் தூக்கல்” என்றேன்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. மாங்கா மாங்காவா கீது. உனக்கு மூக்கு வந்ததுலேர்ந்து வாயி ஜாஸ்தி அண்ணி.”

“உனக்கு யாரும் எதிர்த்துப் பேசாம இருந்தே பழகிப்போச்சு.”

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்திருந்த ஒரு பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையை நீட்டினார். அவருக்கும் கொஞ்சம் வைத்தாள். மெதுவாக மென்றார்.

“உப்பு பத்தல” என்றார்.

நாத்தனார் அவரிடம் சண்டைக்குப் போய்விட்டாள். சர்வர் வேறு வரவில்லை. அவள் கத்திக்கொண்டிருக்க, நான் இன்னொரு விள்ளல் இட்லியைத் தொக்கில் தோய்த்து எடுத்துக்கொண்டேன்.