தேவன் பிள்ளை ஏன் விலகினார்?

சென்ற சனிக்கிழமை காலை, காஜா பெராங் தெருக் கோப்பிக்கடையில் ஒரு கோப்பை உடைந்தது. உடைத்தவர் என் நண்பர் சதாசிவம். ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. சாதாரணமாகக் குரலை உயர்த்தாத மனிதர். அன்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசியதில் கோப்பை கீழே விழுந்துவிட்டது.

அப்படி என்ன விஷயம்? மெர்டேக்கா என்கிற சுதந்திரமா? குடியுரிமையா? இல்லை. ஒரு குத்துச்சண்டை. அதுவும் நடக்காமல் போன குத்துச்சண்டை!

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலாக்காவில் தேவன் பிள்ளை என்று ஒரு ஹெவிவெயிட் சாம்பியன் இருக்கிறார். நம் நாட்டில் ஹெவிவெயிட் கிடைப்பது அபூர்வம் — நாம் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு அவ்வளவுதான் உடம்பு. தேவன் பிள்ளை விதிவிலக்கு. அவர் வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள், கப்பல் மாலுமிகள் என்று பலரைப் படுக்க வைத்தவர். வயது நாற்பதை நெருங்குகிறது. பிழைப்புக்குத் தண்ணீர்க் குழாய் போடும் வேலை.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவரோடு மோத மூவாரிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் அந்தோணி. மரம் அறுக்கும் ஆலையில் வேலை. பத்து ரவுண்டும் நடந்தது. யாரும் விழவில்லை. பாயிண்ட்டில் தேவன் பிள்ளை ஜெயித்ததாக அறிவித்தார்கள். பாதிக் கூட்டம் மாலை போட்டது. மீதிப் பாதி கூச்சல் போட்டது.

இன்னொரு தடவை மோதட்டும் என்று ஊரே கேட்டது. மெர்டேக்கா கொண்டாட்டத்தோடு வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். சுவரெல்லாம் போஸ்டர். அப்போதுதான் தேவன் பிள்ளை, “இனி நான் கையுறை மாட்டுவதில்லை” என்று சொல்லிவிட்டார். காரணம்? சொல்லவில்லை. கொண்டாட்டம் முடிந்து, தோரணங்களைக் கழற்றியும் ஆகிவிட்டது. ஊர் மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

“பயம்யா, பயம்! சின்னப் பையன் இந்தத் தடவை படுக்க வெச்சுருவான்னு தெரிஞ்சுபோச்சு. பட்டம் கையிலே இருக்கும்போதே ஓடிட்டாரு!” என்றார் சதாசிவம்.

“ஜெயிச்ச கையோட இறங்கினாரு. அதுக்குப் பேரு ஓட்டமா? அடி வாங்கி விழுந்தாத்தான் உனக்குத் திருப்தியா?” என்றார் காதர். டாக்சி ஓட்டுகிறவர். தேவன் பிள்ளை சண்டை எங்கே நடந்தாலும் சவாரியை விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பவர்.

நான் எந்தப் பக்கம்? பத்தி எழுதுகிறவன் ஆயிற்றே... இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

கோப்பை உடைந்தது இந்தக் கட்டத்தில்தான். பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் எழுந்து வந்தார். நல்ல உயரம். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“அண்ணே, தேவன் பிள்ளை வீடு எது? இங்கதான் கம்போங் செட்டின்னு சொன்னாங்க.”

“நீங்க யாரு?” என்றார் சதாசிவம், இன்னும் கோபம் தணியாமல்.

“அந்தோணி. மூவாரு.”

சதாசிவம் குனிந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

எதற்காக வந்தார் என்று கேட்டேன். அந்தோணி சுற்றி வளைக்கவில்லை.

“கேக்கத்தான் வந்தேன். ஏன் வரலைன்னு அவரு வாயால சொல்லட்டும். அவரு சாம்பியனாவே வீட்டுக்குப் போயிட்டாரு. எனக்கு என்ன பேரு தெரியுமா? கிழவன்கிட்ட தோத்தவன். நல்ல சண்டை ஒண்ணும் வர மாட்டேங்குது. இன்னொரு தடவை மோதினாத்தானே அந்தப் பேரு போகும்? இப்ப யார்கிட்ட போய் நான் மோதறது?”

சாம்பியன் ஏன் விலகினார் என்று மாதக்கணக்கில் வாதாடினோமே... தோற்றவன் கதி என்ன என்று எங்களில் ஒருவராவது யோசித்தோமா? ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது, வெளியே ஓர் ஆள் நின்றுவிடுகிறான். நம் கண் எப்போதும் கதவைச் சாத்தியவர் மேல்தான்.

நானே அழைத்துப் போனேன். நடக்கிற தூரம்தான்.

கம்போங் செட்டிக்காரர்கள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறியவர்கள்; நம் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள். நெற்றியில் விபூதி. ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தேவன் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ், சாமி பெயர்களும் சில பலகாரப் பெயர்களும்தான். எனவே அங்கே பேச்சு முழுவதும் மலாயில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

தேவன் பிள்ளை வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் உட்கார்ந்து பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை எண்ணெய். அந்தோணியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கை குலுக்க எழுந்தவர், எண்ணெயைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“உட்காரு, அடிக். பழம் சாப்பிடு.” அடிக் என்றால் தம்பி.

“சாப்பிட வரல, அபாங்.” அபாங் என்றால் அண்ணன். கோபத்திலும் அந்தோணி மரியாதையை விடவில்லை. “ஏன் வரலைன்னு கேக்க வந்தேன். ஊர்ல நீங்க பயந்துட்டீங்கன்னு சொல்றாங்க.”

“சரிதான். பயந்துதான் போனேன்.”

அவ்வளவுதான். வாதம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தோணிக்கு ஒன்றும் ஓடவில்லை. சண்டை போடத் தயாராக வந்தவரிடம் எதிராளி ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டால் என்ன செய்வது?

“என்னப் பாத்தா பயந்தீங்க?”

தேவன் பிள்ளை சுளையை எடுத்துத் தட்டில் போட்டார். அவர் மனைவி தேநீருடன் வந்தார். மலாய்ப் பெண்கள் உடுத்துகிற சாரோங், கெபாயா; நெற்றியில் குங்குமம். தட்டை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

“நீங்களே சொல்லிடுங்க. இல்லாட்டி நான் சொல்றேன்.”

தேவன் பிள்ளை அடுத்த சுளையை எடுத்தார். மனைவிதான் சொன்னார்.

“சண்டைக்கு மறுநாள் காலையில எழுந்து கையில துணி சுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. ‘நேரமாச்சு, ரிக்ஷா கூப்பிடு’ன்னாரு. எங்கேன்னு கேட்டேன். ‘இன்னைக்குத்தானே சண்டை’ன்னாரு. முந்தின நாள் போட்ட மாலை அவருக்குப் பின்னாலயே தொங்கிக்கிட்டு இருக்கு. விளையாடறாருன்னு சிரிச்சேன்... முகத்தப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு.”

பிறகு தேவன் பிள்ளையே தொடர்ந்தார். வேறு யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“எட்டாவது ரவுண்டு முடிஞ்சு மணி அடிச்சது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. என் கையைத் தூக்கிப் பிடிச்சாங்களாம். பேப்பர்ல படத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“வெளியே சொல்லியிருக்கலாமே!” என்றேன் நான்.

“சொன்னா? மண்டை கலங்கிப் போச்சும்பாங்க. அப்புறம் என்னை நம்பி எவன் குழாய் வேலை குடுப்பான்? பயந்துட்டான்னு சொல்லட்டும். பயந்தவனுக்கு வேலை போறதில்ல.”

அந்தோணி தேநீரைத் தொடவே இல்லை. தேவன் பிள்ளை துணியால் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

“அடிக், நீ அங்கதானே இருந்தே? கடைசியில என்ன நடந்துச்சு? கூட்டத்துல இருந்தவங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நான் உண்மையிலேயே ஜெயிச்சேனா?”

யோசித்துப் பாருங்கள். அந்தோணி அப்போது என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். “நான்தான் ஜெயித்தேன், ஜட்ஜுகள் ஏமாற்றிவிட்டார்கள்” என்றால் மறுப்பதற்கு யார் இருக்கிறார்கள்? எதிராளிக்குத்தான் எதுவுமே ஞாபகமில்லையே!

அவர் தேநீரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு எழுந்து, அந்தப் பலா மரத்தடியிலேயே கையைத் தூக்கி ஆடிக் காட்ட ஆரம்பித்தார்.

“ஒன்பதாவதுல நான்தான் அடிச்சேன். இப்படி... வலது கையால, காதுக்கு மேலே. ரெண்டு தடவை. நீங்க விழல. என்னையே பாத்துக்கிட்டு நின்னீங்க. ஆனா கண்ணு வேற எங்கேயோ இருந்துச்சு. எனக்கு அப்பவே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“அப்புறம்?”

“பத்தாவதுல முடிச்சுடலாம்னு உள்ளே வந்தேன். உங்க இடது கை வந்துச்சு. இங்க.” விலா எலும்பைத் தொட்டுக் காட்டினார். “மூச்சே வரல. கயித்தப் பிடிச்சுக்கிட்டேன். மறுபடியும் அதே கை. மணி அடிக்கற வரைக்கும் உங்களக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்...”

அங்கே நிறுத்தினார். கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

“இத்தனை நாளா நான்தான் ஜெயிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆடிக் காட்டும்போதுதான் எனக்கே தெரியுது. நீங்கதான் ஜெயிச்சீங்க, அபாங். கொஞ்சம்தான். ஆனா நீங்கதான்.”

அதன் பிறகு ஒரு சிரிப்பு. சிரிப்பு மாதிரியும் இல்லை.

“ஆளே இல்லாத வீட்டுக் கதவை என்னால உடைக்க முடியல!”

தேவன் பிள்ளை எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கையில் எஞ்சியிருந்த எண்ணெய் சட்டையில் பட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

“இன்னொரு சண்டை என்னால குடுக்க முடியாது. வேற என்ன வேணும், சொல்லு.”

அந்தோணி வாயைத் திறந்தார். காரணத்தை வெளியே சொல்லுங்கள் என்று கேட்கத்தான் திறந்திருப்பார் என்று நினைக்கிறேன். சாம்பியனை அந்த நிலைக்குக் கொண்டு வந்தவர் என்று தெரிந்தால், சண்டை ஏற்பாடு செய்கிறவர்கள் தேடி வர மாட்டார்களா? ஆனால் கேட்கவில்லை. தேவன் பிள்ளையின் குழாய் வேலை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“ஒண்ணும் வேணாம், அபாங்.”

தேவன் பிள்ளைக்கு அது புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

“நீ பேப்பர்ல எழுதுறவன்தானே? எழுது. கடைசி ரெண்டு ரவுண்டு நான் அங்கே இல்லைன்னு எழுது. இவன் உண்மையைச் சொன்னான்னும் எழுது.”

“வேலை?” என்றார் மனைவி.

“குழாய் போடறது கைக்குத் தெரியும். இத்தனை மாசமா எங்கேயாவது ஒழுகுதா?” அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

“எழுதறதுன்னா எழுதிக்குங்க. என் பேரை மட்டும் போடாதீங்க” என்றார் அந்த அம்மா என்னிடம். போடவில்லை.

மறுநாள் கோப்பிக்கடையில், தேவன் பிள்ளை வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். சதாசிவம் இந்தத் தடவை மேசையைத் தட்டவில்லை. கடைசியில், “அப்ப பயந்துதானே விலகினாரு? நான் சொன்னது சரிதானே?” என்றார். குரலில் பழைய வேகம் இல்லை. காதர் அவருக்கு இன்னொரு கோப்பி சொன்னார். “சரிதான். ஆனா நானும் சரிதான்லா!” என்றார்.

இரண்டு பேருமே ஜெயிக்கிற சண்டையைக் கோப்பிக்கடையில்தான் பார்க்க முடியும்.

சனிக்கிழமையன்றே அந்தோணியைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். அடுத்த மாதம் பத்து பஹாட் என்கிற ஊரில் ஒரு சண்டை இருக்கிறது என்றார். சின்னச் சண்டை. எதிராளி பேர் தெரியாத ஆள்.

“விட்டுடக் கூடாதா?” என்றேன்.

“எனக்கு இருபத்தஞ்சு வயசுதாண்ணே. வேற எதுல நான் நல்லா இருக்கேன்?”

பஸ் புறப்படும் நேரத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“அண்ணே, ஒரு உதவி. பத்து பஹாட் வர முடியுமா? சண்டை முடிஞ்சதும் எல்லாரும் மாலையைத் தூக்கிக்கிட்டு வருவாங்க, இல்லாட்டி திட்டுவாங்க. நீங்க நேரா எங்கிட்ட வந்து, இன்னைக்கு என்ன கிழமைன்னு கேளுங்க.”

வாசகர்களே, அடுத்த மாதம் நான் பத்து பஹாட் போகிறேன்... கிழமை கேட்க.