தேத்தாங்கொட்டைக்குத் தெளியாத கிணறு

எனக்கு எழுபத்தாறு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். காலேஜில் படிக்கும் பேத்தி, பாட்டிலில் இருந்த சாயத்தண்ணீரில் ஏதோ பொடியைப் போட்டு வெயிலில் வைத்தாள். மத்தியானத்துக்குள் நிறம் போய்விட்டது.

“பொடி சாயத்தை இழுத்துக்கிரும், வெயிலு பட்டா முறிச்சிரும் அப்பத்தா.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் சாயப்பட்டறைத் தண்ணீர் ஊறி எங்கள் கிணறு சிவந்தது. நாங்களே வெட்டிய கிணறு, விட மனசில்லை. கலங்கல் தெளியத் தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைத்தேன். மண் அடியில் தங்கியது, சிவப்பு போகவில்லை. இருந்தும் சின்னவனுக்கு மொண்டு கொடுத்தேன். என் வீட்டுக்காரர் செம்பைத் தட்டிவிட்டார்.

“மாடே மோந்துட்டுத் திரும்பிருச்சு. பிள்ளைக்குக் குடுப்பியா?”

வெட்டியெடுத்த கல்லையே அள்ளிப் போட்டுக் கிணற்றை மூடினோம். சாகும்வரை அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

பேத்தி ஆத்தா, நான் எழுதிய இதைத் தாத்தா படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக வாசி. அந்தச் சிவப்பும் போகும் என்று அவரும் கேட்கட்டும்.