பரந்தாமன் குழாய் எடுக்கிறார்

சுண்டு விரலைக் குழாய்க்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகச் சுற்றுகிறார் பரந்தாமன். குழாய் வேறொன்றுமில்லை, ஆவடி பஸ் ஸ்டாண்டில் கரும்புச் சாறு விற்கிறவருடைய தள்ளுவண்டியின் கைப்பிடி. சாறு கேட்டு நிற்கிறவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழி விடுகிறார்கள். வண்டிக்கு ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று நினைப்பு. விரலை உருவி, நுனியில் ஒட்டிய துருவைக் காக்கிச் சட்டையில் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்புகிறார்.

"உள்ளாற தையல் கீது சார். தகட்ட சுருட்டி ஒட்ட வெச்ச பைப்பு. இது ஆவாது."

எதற்கு ஆகாது என்று கரும்புச் சாற்றுக்காரர் கேட்கிறார். நான் பரந்தாமனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் பஸ் போய்விடும். அதற்கடுத்த பஸ்ஸும் போய்விடும்.

முனை திறந்த குழாய் எதையும் அவர் விட்டதில்லை. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த என் மைத்துனரைப் பார்க்க வந்தவர், நோயாளியிடம் ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்திருந்தார். இன்னொரு முறை, சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வரிசைக்குப் போட்டிருந்த தடுப்புக் கம்பியில் விரல் மாட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர்களெல்லாம் அவரைத் தாண்டிப் போய் டிக்கெட் வாங்கினார்கள். கொட்டகைச் சிப்பந்தி சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து விரலை விடுவித்தபோது உள்ளே முதல் பாட்டு முடிந்திருந்தது. பரந்தாமனுக்கு அதில் வருத்தமில்லை. "தையல் இல்லாத பைப்பு சார். எங்க கெட்ச்சுதுன்னு கேளுங்க" என்றார். கேட்டேன். சிப்பந்திக்குத் தெரியவில்லை. வருத்தம் அதில்தான்.

சேக்காட்டில் எனக்கு எதிர்வீட்டுக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒல்லி உடம்பு, காதில் பென்சில், பையில் மடக்கு அளவுகோல். டீயை ஆறவிட்டு, ஏடு படிந்த பிறகு ஒரே மடக்கில் குடிப்பார். சூடாக இருக்கும்போது பேசியாக வேண்டுமே. கல்யாண வீடுகளில் மடக்கு நாற்காலியில் உட்காரமாட்டார். அந்தக் குழாய்களைக் காகிதம் என்பார். பந்தல் முழுக்க நாற்காலி காலியாகக் கிடக்க, மனிதர் ஓரமாகத் தரையில் சம்மணமிட்டிருப்பார். பெண் வீட்டார் ஏதோ மனத்தாங்கல் என்று பயந்து ஓடிவருவார்கள். நான் சமாதானம் சொல்வேன். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

இத்தனையும் ஒரு கூண்டுக்காக.

பரந்தாமனின் மனைவி வடிவுக்கு ஒரு தம்பி, சின்னப்பையன். பெயர்தான் அப்படி, ஆள் நெட்டை, நிலைப்படியில் குனிந்துதான் நுழைவான். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பால் வாங்கி, கேன்களைச் சைக்கிளில் கட்டி, ஏரிக்கரை வழியாக ஆவடிக்குக் கொண்டுவருவது அவன் பிழைப்பு. மழைக்காலத்தில் கரை முழங்கால் சேறு. சைக்கிளைத் தோளில் தூக்கி, பாலை இரண்டு நடையாகச் சுமந்து ஊர் வந்து சேர்வதற்குள் பாதி திரிந்துவிடும். அவனுக்காகப் பரந்தாமன் ஒரு வண்டி கட்டினார். ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்பின் அடிச்சட்டம், வேறொரு ஜீப்பின் இன்ஜின், எண்ணெய் பீப்பாயை வெட்டித் தட்டிய தகடு. நாலு சக்கரமும் இழுக்கும். சேறு, வரப்பு, ஓடை எதிலும் நிற்காமல் போகும். அதன் அழகைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. தை மாதம் வண்டி தயார். ஓட்டுகிறவன் தலைக்கு மேல் ஒரு குழாய்க் கூண்டு மட்டும் பாக்கி. வண்டி கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இருக்க.

கூண்டுக்குக் குழாய் எடுக்கப் போனவர் சித்திரை வரை எடுத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர்க் குழாய் கிடைத்தது. "துத்தநாகம் பூசினது சார். வெல்டிங் வெச்சா புகை கண்ண புடுங்கும், ஒட்டு பிடிக்காது." சைக்கிளுக்குப் போடுகிற மெல்லிய குழாய் கிடைத்தது. நெருப்பு பட்டதும் ஓட்டை விழும் என்றார். பாய்லர் குழாய் கிடைத்தது. தையலே இல்லாதது, அடித்தால் மணி மாதிரி ஒலிப்பது. சரி, இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "கனம் ஜாஸ்தி சார். தல கனத்துச்சின்னா வண்டி தானா கவுந்துடும்" என்றார். வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றத்தான் கூண்டு; கூண்டின் கனத்தாலேயே வண்டி கவிழுமென்றால் என்ன செய்வது என்று கேட்டேன். "அதான் சார் நானும் கேக்கறேன்" என்றார், நான் அவர் கட்சிக்கு வந்துவிட்டது போன்ற சந்தோஷத்தோடு.

வேண்டாமென்று கழித்த குழாய்களெல்லாம் எங்கள் வீட்டு வேலியோரம் வந்து சேர்ந்தன. அவர் வீட்டில் இடமில்லை, வடிவு விடவில்லை. என் மனைவி சாமுண்டீஸ்வரி ஒரு நாள் தெரியாமல் அவற்றின்மேல் சந்தன நிறப் புடவையைக் காயப்போட்டாள். துருக் கோடு விழுந்த அந்தப் புடவையை எடுத்துக்கொண்டு அவள் எதிர்வீட்டுக்குப் போனபோது, வடிவு இடுப்பில் கை வைத்தபடி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "என்னப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இந்தாளு இவ்ளோ நேரம் பாக்கல அக்கா. தலய நிமுந்து ஒருதபா பாத்துச்சு, சரின்னுச்சு. பைப்புக்கு மட்டும் இன்னா வந்துச்சோ."

என்ன வந்தது என்று வடிவுக்குத் தெரியாமலில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழையில், அதே ஏரிக்கரையில் ஒரு டிராக்டர் சரிந்து கவிழ்ந்தது. ஓட்டி வந்த முனியன் அடியில் மாட்டிக்கொண்டான். ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வந்த பரந்தாமனும் இன்னும் சிலரும் மூங்கிலைக் கொடுத்து நெம்பிப் பார்த்தார்கள். டிராக்டர் அசையவில்லை. ஆள் சேர்ந்து தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதுவரை முனியன் பேசிக்கொண்டிருந்தானாம். பரந்தாமன் இதை என்னிடம் சொன்னதே இல்லை. வடிவுதான் சொன்னாள். இது தெரிந்த பிறகு அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. மனிதரோடு பழகுவதில் உள்ள கஷ்டமே இதுதான்.

சின்னப்பையனுக்குப் பொறுமை போயிற்று. "மாமா, மழ வந்துட்டா நீ ஊட்ல குந்திகினு பைப்பு பாப்ப. நான் கேன தூக்கினு சேத்துல நடப்பேன். அவ்ளோதான?" என்று கேட்டான். மறுநாள் பரந்தாமன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், எங்கள் வேலியோரமிருந்த தண்ணீர்க் குழாய்களை எடுத்துக்கொண்டு அவன் திருமுல்லைவாயிலில் ஒரு வெல்டிங் கடைக்குப் போனான். சாயங்காலம் வண்டி கூண்டோடு வந்து நின்றது. பச்சைப் பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது. தெருவே கூடிப் பார்த்தது. நல்ல கூண்டு என்றுதான் எனக்கும் பட்டது.

பரந்தாமன் வந்தார். சுற்றிவந்து ஒவ்வொரு ஒட்டையும் பார்த்தார். கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். உள்ளே போய் இரும்பு வெட்டுகிற ரம்பத்தை எடுத்து வந்து, ஒரு குழாயில் வைத்து இழுக்க ஆரம்பித்தார். சின்னப்பையன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இது நிக்கும் மாமா."

"நிக்காதுடா."

"உனுக்கு எப்டித் தெரியும்? கவுத்துப் பாத்தியா?"

ரம்பம் நின்றது. பரந்தாமன் அதைக் கீழே வைத்தார். "சரி. கவுத்துப் பாத்துடலாம்" என்றார்.

எனக்குத் தெரிந்து, நல்ல நிலையில் ஓடுகிற ஒரு வண்டியை இரண்டு பேர் சம்மதித்துக் கவிழ்த்தது இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பேட்டரியைக் கழற்றினார்கள், பெட்ரோலை வடித்தார்கள். ஏரி வற்றிக் கிடந்தது. கரையின் மேல் வண்டியை ஓரமாக நிறுத்தி, பக்கவாட்டில் மூங்கிலைக் கொடுத்து நெம்பினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். கொடுக்காவிட்டால் இந்த விவகாரம் முடியாது என்று தோன்றியது. வண்டி தயங்கி, சாய்ந்து, உருண்டது. தகடு அலறிய சத்தத்தில் கொக்குகள் கிளம்பின. கீழே போய் மறுபடி சக்கரத்தின்மேலேயே நின்றது.

எல்லோரும் இறங்கி ஓடினோம். ஓட்டுகிறவன் பக்கத்துக் குழாய் உள்ளே வளைந்திருந்தது. ஆனால் உடையவில்லை, ஒட்டு ஒன்றும் விடவில்லை. சின்னப்பையன் குதித்தான். "பாத்தியா? நிக்குது." பரந்தாமன் அவனை ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான். வளைந்த குழாய் அவன் நெற்றிக்குக் குறுக்கே வந்தது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் அவனால் உட்கார முடிந்தது. "இப்டி ஓட்டுவியா?" என்றார் பரந்தாமன். "கவுந்தப்புறம் எவன் மாமா ஓட்றது? உசுரு இருக்குமில்ல?" என்றான் அவன். "தல எங்க இருக்கும்னு பார்றா." இருவரும் என்னைப் பார்த்தார்கள். இவன் சொல்வதும் சரி, அவர் சொல்வதும் சரி. ஒரு வண்டி நாசமானதுதான் மிச்சம். வடிவு கரைமேலிருந்து இறங்கவே இல்லை. "ரெண்டும் ஒண்ணா கவுந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்" என்று அங்கிருந்தே சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வேலியோரம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பரந்தாமன் பாய்லர் குழாயைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். கனம் அதிகம் என்று அவரே மாசி மாதம் கழித்துப்போட்ட அதே குழாய். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இதைத்தான் எடுப்பதென்றால் இத்தனை மாதம் எதற்கு, என் மனைவியின் புடவை எதற்கு, வண்டியைக் கவிழ்த்தது எதற்கு என்று கேட்டேன்.

குழாயை இறக்கி வேலியில் சாத்தினார்.

"எத எட்த்தாலும் பயம் போவாது போல கீது சார்," என்றார். "போவும், போவும்னு பாத்துகினே இருந்தேன். அதான், எட்த்துட்டேன்."

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. குழாய்க்குள் உலர்ந்த மணலை நிரப்பி, இரு முனையிலும் மரக்கட்டை அடைத்து, கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தெருமுனைப் புளியமரத்து அடிமரத்தைச் சுற்றி வளைத்தார்கள். மாமனும் மச்சானும் ஆளுக்கொரு முனையில் தொங்கினார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே. தலைக்கு மேல் வருகிற வளைவுகள் மட்டும் பாய்லர் குழாய். பின்னால் முட்டுக் கொடுக்க இலேசான குழாய். கனத்துக்கு ஈடாக இருக்கையைக் கீழே இறக்கினார்கள். நசுங்கிய தகட்டைத் தட்டிச் சரிசெய்தார்கள். வைகாசி முடிவதற்குள் வண்டி தயாராகி நின்றது, முன்னைவிட அவலட்சணமாக.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை வழக்கம்போல் கூழானது. முதல் நடைக்கு விடியற்காலையில் சின்னப்பையன் கிளம்பினான். காலிக் கேன்களைக் கட்டியாயிற்று, இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. நான் குடையோடு வாசலில் நின்றேன். பரந்தாமன் நனைந்தபடி வண்டியைச் சுற்றிவந்தார். இன்னும் ஏதாவது சொல்லப்போகிறார், கிளம்ப விடமாட்டார் என்று எனக்கு எரிச்சல் மூண்டது. அவரோ பக்கத்தில் வந்து, சின்னப்பையனின் தலைக்கும் கூண்டுக் குழாய்க்கும் நடுவே தன் உள்ளங்கையை நுழைத்தார். கை தாராளமாக நுழைந்தது.

"இடம் கீதா?" என்றான் அவன்.

"கீது."

"அப்ப கைய எடு மாமா, நேரமாவுது."

வடிவும் வாசலிலிருந்து கையை எடுக்கச் சொன்னாள். சின்னப்பையன் காத்துப் பார்த்துவிட்டு கிளட்ச்சை விட்டான். வண்டி சேற்றில் மெல்ல ஊர்ந்தது. பரந்தாமன் கையை எடுக்கவில்லை. அவன் தலைக்கு மேல் விரித்த உள்ளங்கையோடு, செருப்பு சேற்றில் புதையப் புதைய, வண்டியோடு கூடவே நடந்துகொண்டிருந்தார்.