டிரெய்லரை ஆடாமல் நிற்க வைத்தது

என் கணவர், கட்டிலும் அடுப்பும் வைத்த பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்து வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தியபோது, "யானையைக் கட்டித் தீனி போட நம்மால ஆகுமா?" என்றுதான் கேட்டேன். அவர் அதன் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிளசன்டன் என்ற இந்த ஊரில் எங்கள் தெருவில் ஆளுக்கொரு பைத்தியம் உண்டு. ஒருவர் முருங்கை வளர்க்கிறார், இன்னொருவர் மாரத்தான் ஓடுகிறார். இவருக்கு டிரெய்லர். வாரம் முழுக்க வீட்டிலேயே லேப்டாப் முன் உட்கார்ந்து மீட்டிங்கில் தலையாட்டும் மனிதர், வெள்ளிக்கிழமை மதியம் அதை பிக்கப் டிரக்கில் மாட்டும்போது மட்டும் விசிலடிப்பார். அந்த விசிலுக்காகத்தான் நானும் சரி என்று கிளம்பினேன்.

பிரச்சினை என் காது. முந்தைய குளிர்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் உள்காதைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அதிலிருந்து, படுக்கை லேசாக அசைந்தாலே எனக்குத் தலை சுற்றும், குமட்டும். டிரெய்லரோ இரண்டு சக்கரத்தின் மேல் நிற்கும் பெட்டி. அந்தக் கோடியில் மகள் புரண்டு படுத்தால், இந்தக் கோடியில் நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். முதல் பயணம் கடலோரத்து முகாமுக்கு. விடிந்ததும் வெளியே ஓடிப்போய், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

அவர் காபியை நீட்டியபடி சொன்னார். "வித்துடலாம் விடு. நமக்கு செட் ஆகல."

சொன்னது என்னவோ சுலபமாகத்தான். ஆனால் சொல்லிவிட்டு டிரெய்லரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னால் அது போகக்கூடாது.

"ஆடாம நிக்க வைக்க முடியுமான்னு மொதல்ல பாருங்க. இந்த சம்மருக்குள்ள முடியலன்னா வித்துக்கலாம்," என்றேன்.

டிரெய்லரை ஆடாமல் தாங்கும் ஸ்டெபிலைசர்கள் கடையில் ரெடிமேடாகவே கிடைக்கும். ஆனால் கோயம்புத்தூரில் லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவரிடம் ரெடிமேட் என்று சொல்லிப் பாருங்கள். "இதுல என்ன இருக்கு, நாமளே பண்ணிக்கலாம்" என்று அன்றைக்கே கராஜுக்குள் போய்விட்டார்.

முதலில் மரக்கட்டை. நான்கு மூலைக்கும் அடியில் கட்டைகளை அடுக்கி ஆப்பு அடித்தார். மேஜை ஆடினால் காலுக்கு அட்டை மடித்து வைப்போமே, அதே வைத்தியம். கடற்கரைப் பனியில் மண் ஊறி, கட்டைகள் மெல்ல இறங்கி, காலையில் பார்த்தால் நான்கும் சும்மா கிடந்தன. எனக்கு மறுபடி அதே மரத்தடி.

அடுத்தது ஜாக்கி. கார் டயர் மாற்ற வைத்திருப்போமே, அந்த மடக்கு ஜாக்கிகளில் நான்கைச் சேர்த்து, டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டினார். அவை டிரெய்லரைத் தூக்க வேண்டியதில்லை. தரையில் பட்டு முட்டுக்கொடுத்தால் போதும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். கெடுத்தது தோசை.

அடுத்த பயணத்தில் அவர் வெளியே ஜாக்கிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, நான் உள்ளே தோசைக்கல்லைக் காயவைத்து எண்ணெய் விட்டேன். எண்ணெய் மொத்தமும் ஒரு ஓரமாக ஓடித் தேங்கியது. ஜன்னல் வழியாகக் கத்தினேன். "என்னங்க, வண்டி சாஞ்சிருக்கு!"

உண்மையில் சாய்ந்திருந்தது அடுப்பு. முன்பு வைத்திருந்த புண்ணியவான் அதைக் கோணலாக மாட்டியிருக்கிறார். அது எங்களுக்கு அப்போது தெரியாது. மட்டம் பார்க்கும் ரசமட்டம் அவருடைய டூல் பையிலேயே இருந்தது, எடுத்து வைத்துப் பார்த்திருக்கலாம். "எண்ணெய் பொய் சொல்லாது" என்று அந்த மூலை ஜாக்கியை முறுக்க ஆரம்பித்தார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

நானும் விடவில்லை. கடைசியில் எண்ணெய் நடுவில் நின்றது, தோசை வட்டமாக வந்தது. "சூப்பர்!" என்று நான் கத்தியபோது ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டே எழும்பியிருந்தது. சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு இறுகிவிட்டது. உள்ளே நானும் மகளும். ஹைஸ்கூல் படிக்கும் மகள் கதவை இரண்டு முறை தோளால் இடித்துப் பார்த்துவிட்டு, "வீ ஆர் ஸ்டக் பிகாஸ் ஆஃப் எ தோசா," என்றாள். பக்கத்து இடத்தில் கூடாரம் போட்டிருந்த வெள்ளைக்காரர் தன் மடக்கு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் தோசையை ஜன்னல் வழியாகவே நீட்டினேன். என் கணவர் அதை நின்றபடியே தின்று முடித்துவிட்டுத்தான் ஜாக்கியை இறக்கினார்.

ஜாக்கிகளை ஒழுங்காக வைத்த பிறகு மேலும் கீழும் குதிப்பது நின்றது. பக்கவாட்டில் ஆடுவது நிற்கவில்லை, எனக்கு ஆகாததும் அதுதான். சம்மர் முடியப் போகிறது. ஒரு நாள் மதியம் பார்க்கிறேன், அவர் போனை வைத்துக்கொண்டு டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி போட்டோ எடுக்கிறார்.

"எதுக்கு?"

"போஸ்ட் பண்ணத்தான். யாராவது வாங்கிக்கட்டும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அதுக்குள்ள என்ன அவசரம்? கராஜுல அரிசி மூட்டை வெக்கிற ரேக்கு மொதல்ல எப்படி ஆடுச்சு? பின்னாடி குறுக்க பட்டை மாட்டுனதுக்கு அப்புறம்தான நின்னுச்சு? இதுக்கு மட்டும் வெறும் நாலு காலு போதுமா?"

திட்டுவதற்காகத்தான் சொன்னேன், யோசனை சொல்வதாக எனக்கே தெரியாது. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். குனிந்து டிரெய்லருக்கு அடியில் பார்த்தார். பிறகு கராஜுக்குள் போனவர்தான், சாப்பிடக்கூட நான் போய் அழைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஜாக்கியின் பாதத்திலிருந்தும் எதிர்ப்பக்கச் சட்டத்துக்குச் சாய்வாக ஒரு இரும்புக் குழாய், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு திருகு. முன்னால் ஒரு பெருக்கல் குறி, பின்னால் ஒரு பெருக்கல் குறி. அழகென்று சொல்ல முடியாது.

அந்த சம்மரின் கடைசிப் பயணம் ரெட்வுட் காட்டுக்கு. குழாய்களை இறுக்கிவிட்டு, மகளை உள்ளே குதிக்கச் சொன்னார். குதித்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. வீட்டுத் தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி. அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொன்று ஊற்றிக் குடித்தார். மகள் கையில் சப்பாத்தியோடு அவரையே பார்த்தாள்.

"அப்பா, யூ ஆர் டிரிங்கிங் வாட்டர்!" என்றாள். பிறகு என்னிடம், "கேம்பிங் வந்தா ஹீ ஸ்டாப்ஸ் டிரிங்கிங் வாட்டர் அட் ஃபோர் ஓ கிளாக். யூ டோன்ட் நோ?"

எனக்குத் தெரியாது. அவரைப் பார்த்தேன்.

"சுகர்காரன் இல்லியா நான்," என்றார் தட்டைப் பார்த்தபடி. "தண்ணி குடிச்சா ராத்திரி ரெண்டு தடவை எந்திரிக்கணும். எந்திரிச்சா வண்டி ஆடும். உனக்கு அப்புறம் விடியற வரைக்கும் சுத்தும்."

ஒவ்வொரு பயணத்திலும் சாயங்காலத்திலிருந்து வாய் உலர, புரளாமல் கொள்ளாமல் படுத்திருந்திருக்கிறார். நான் இங்கே தவிக்கிறேன், இந்த மனிதர் மட்டும் எப்படிக் கட்டை மாதிரி தூங்குகிறார் என்று நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். கையிலிருந்த சப்பாத்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவர் மூன்றாவது டம்ளரை ஊற்றிக்கொண்டார்.

விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அவர் வெளியே குந்தி உட்கார்ந்து திருகுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி எந்திரிச்சீங்களா?"

"ரெண்டு தடவை. ஃப்ரிட்ஜகூட தொறந்தேன். தெரிஞ்சுதா?"

"இல்ல."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழாய் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும், திருகை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சர்க்கரை இருக்கிற மனுஷன் இப்படித் தாகத்தோடு படுப்பாரா, ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன், என்னிடம் சொன்னால் வாயா நோகும் என்று திட்டத் தொடங்கினேன். அவர் குழாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், நான் தண்ணீரைப் பற்றியே திட்டிக்கொண்டிருந்தேன். திட்டி முடித்ததும் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். கடைசிச் சொட்டையும் அவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.