உங்கள் பக்கத்து வீட்டுக்காரி பான் லீஜூ

பான் லீஜூ பத்தொன்பது வருடமாக வீடு விற்கிறாள். யோங்ஹே வட்டாரத்தில் அவளுடைய ஸ்கூட்டர் நுழையாத சந்து கிடையாது. கல்யாணம் ஆனவர்களுக்கு விற்றாள், கல்யாணம் முறிந்தவர்களுக்கு விற்றாள், நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஜாகை தேடியவர்களுக்கு விற்றாள். தனக்கென்று மட்டும் ஒன்று வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிவிடலாம் என்று அவள் நினைத்த வருடமெல்லாம் விலை அவளுக்கு இரண்டு படி முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. ஏற்றிவிட்டவர்களில் அவளும் ஒருத்தி என்பதுதான் வேடிக்கை.

இருபத்திரண்டு வருடமாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறாள். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்தில் நாலாம் மாடி. நாலு என்றாலே சாவை நினைக்கிற ஊரில் நாலாம் மாடிக்கு வாடகை கொஞ்சம் மட்டுதான். புருஷனோடு குடிவந்தாள், அவன் புற்றுநோயில் போனபிறகும் அங்கேயே இருந்தாள். வீட்டுக்குச் சொந்தக்காரி வென் அம்மா தைச்சுங் நகரத்தில் மகளோடு இருக்கிறாள். அவளிடம் லீஜூ ஒருநாளும் ரிப்பேர் என்று கேட்டதில்லை. கேட்டால் அந்த அம்மாவுக்கு வீட்டின் ஞாபகம் வரும், வீட்டின் ஞாபகம் வந்தால் அதன் விலை ஞாபகம் வரும். சமையலறைச் சுவர் கசிந்தபோது லீஜூவே ஆள் வைத்துப் பூசினாள். வென் அம்மா இந்த வீட்டை மறந்தே இருக்கட்டும் என்பதுதான் கோயிலுக்குப் போனால் அவள் கேட்கிற ஒரே வரம்.

இப்படி இருந்தவளை, அவள் வேலை பார்க்கிற புரோக்கர் கம்பெனியின் கிளைக்குப் புதிதாக வந்த மேனேஜர் பிடித்துக்கொண்டான். ஹோ குவான்திங், முப்பது வயது, கழுத்தை நெரிக்கிற டை. விற்பனையாளர்கள் எல்லாரும் தங்களைப் பற்றிய அறிமுகத்தைப் புதிதாக எழுத வேண்டும், அச்சடித்துத் தபால் பெட்டிகளில் போடப்போகிறோம் என்றான். லீஜூவின் பழைய தாளில் நேர்மை, உழைப்பு, சேவை என்று மூன்று சொல் இருந்தது. யோங்ஹேயில் அந்த மூன்று சொல்லைப் போடாத புரோக்கர் யார்?

"இதை யார் வேணா எழுதலாம்க்கா," என்றான் அவன். "படிச்சவுடனே அவங்க ஃபோனை எடுக்கணும். வாங்கின பரிசெல்லாம் யாருக்கு வேணும்? நீங்க யாரு, எங்க இருக்கீங்க, அதைச் சொல்லுங்க."

மூன்று நாள் எழுதினாள். உரிமம் வாங்கிய வருடத்தை அடித்தாள், விருதுகளை அடித்தாள். அடிக்க அடிக்கக் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. இந்தச் சந்தில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன், பதினேழாம் எண் கட்டடம், நாலாம் மாடி என்று தொடங்கினாள். குப்பை வண்டி எந்த முனையில் எத்தனை நிமிடம் நிற்கும், எந்தப் பக்கத்து மழைக்கு எந்தச் சுவர் கசியும், விடிந்ததும் யார் வீட்டு நாய் குரைக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். வீட்டை விற்றபிறகும் தினம் தெருவில் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டியவள் நான், என்னால் பொய் சொல்ல முடியாது. இப்படி எழுதி முடித்து, 'உங்கள் பக்கத்து வீட்டுக்காரி' என்று மேலே தலைப்புப் போட்டாள்.

வாடகைக்கு என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதவில்லை. அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொந்த வீடு இல்லாத புரோக்கரை யார் நம்புவார்கள்?

தாள் பிய்த்துக்கொண்டு போனது. ஐந்து மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய ஃபோன் அடிக்கத் தொடங்கியது. குவான்திங் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று மற்றவர்களை வறுத்தெடுத்தான். ஒன்பதாம் நாள் வென் அம்மா கூப்பிட்டாள். அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிற அவளுடைய நாத்தனார் மகள் தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.

"நீ இவ்வளவு கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியாமப் போச்சே, லீஜூ," என்றாள். "வீட்டை வித்துடலாமான்னு ரொம்ப நாளா யோசனைதான். இங்க உக்காந்துக்கிட்டு யாரை நம்பறது சொல்லு? உன் தாளைப் படிச்சதும் என் மக சொல்லிட்டா, வேற ஆளை எதுக்கும்மா தேடறேன்னு. அந்த வீட்டை உன்னைவிட யாருக்குத் தெரியும்? நீயே வித்துக் குடுத்துடு."

 பேய்கள் திரிகிற ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் வீடு வாங்க ஒருத்தரும் வரமாட்டார்கள், அதற்கு முன்னால் முடித்துவிடு என்றாள் வென் அம்மா. உனக்கென்ன, நூறு வீடு உன் கையில், ஒன்றில் போய் இருந்துகொள்ள மாட்டாயா என்றும் சொன்னாள். அதில் துளி விஷமம் கிடையாது. இருந்திருந்தால் லீஜூ திருப்பி ஒரு வார்த்தை சூடாகக் கேட்டிருப்பாள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எதிர்க்கடை புரோக்கர் ஒரு மணி நேரத்தில் விற்பனைப் பலகையைக் கொண்டுவந்து மாட்டுவான். வீடும் போகும், கமிஷனும் போகும். ஒப்புக்கொண்டாள். வீட்டு விவரப் படிவத்தில் குடியிருப்பவர் என்ற இடத்தில் பான் லீஜூ என்று எழுதினாள். விற்பவர் சார்பில் என்ற இடத்திலும் பான் லீஜூ என்று எழுதினாள். குவான்திங் படிவத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வேறு எந்தக் கடைக்கும் தராமல் நமக்கு மட்டுமே தந்த வீடு, இந்த மாதத்தில் இதுதான் முதல் என்றான். மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். லீஜூ குனிந்து வணங்கினாள்.

அடுத்த மூன்று வாரம் தன் வீட்டை அந்நியர் வீடு மாதிரி சுற்றிக் காட்டினாள். ஆட்கள் வருமுன் கொடியில் காய்ந்த துணியை எடுத்து ஒளித்தாள், புருஷனின் படத்தை அலமாரிக்குள் வைத்தாள், எல்லா விளக்கையும் போட்டாள். வந்தவர்கள் கட்டிலை மிதிக்காத குறையாக அளந்துவிட்டுப் போனார்கள். நாலாவது சனிக்கிழமை ஒரு இளம் ஜோடி வந்தது. கசியுமா என்று கேட்டார்கள். எட்டு வருடத்துக்கு முன் கசிந்தது, பூசியபிறகு இல்லை என்றாள். அந்தப் பெண் சுவரைத் தொட்டுப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று லீஜூவுக்குத் தெரிந்துபோனது. அந்தப் பெண் கைப்பையிலிருந்து, மடித்து வைத்திருந்த லீஜூவின் தாளை எடுத்தாள்.

"உண்மையைச் சொன்னா நாங்க வீட்டுக்காக வரலக்கா, உங்களுக்காகத்தான் வந்தோம்," என்றாள். "வித்துட்டு ஓடிப்போற ஆளில்லையே நீங்க, பக்கத்துலயே இருப்பீங்க. நாலாம் மாடின்னு போட்டிருக்கு. அந்த எதிர் வீடா?"

ஆமாம் என்றால் முடிந்தது. ஒரு மாடிக்கு இரண்டு கதவு, அவர்களுக்கு எப்படித் தெரியும்? பத்தொன்பது வருட நாக்கு அந்தப் பொய்யைத் தயாராகத்தான் வைத்திருந்தது. லீஜூவால் அதைச் சொல்ல முடியவில்லை.

"எதிர் வீடு இல்லம்மா. இதுதான். நான் இங்க வாடகைக்கு இருக்கேன்."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. புருஷன்காரன் தரையைப் பார்த்தான். அந்த ஒரு நிமிடம் லீஜூ வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள். ஐயோ பாவம், எங்களுக்கு வேண்டாம் என்று இவர்கள் திரும்பிப் போய்விட்டால் போதும், இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம். அந்தப் பெண் அவளுடைய கையைப் பிடித்து, எங்களுக்குத் தெரியாது, மன்னிச்சிடுங்க அக்கா என்றாள். மனசாரத்தான் சொன்னாள். பிறகு, கையை விடாமலே, அதே மெல்லிய குரலில் கேட்டாள்.

"அப்போ நீங்க எப்போ காலி பண்ணுவீங்க?"

"ஏழாம் மாசம் பொறக்கறதுக்குள்ள," என்றாள் லீஜூ. அதற்கும் முன்னால் வேண்டுமென்றாலும் பார்க்கலாம் என்று அவளே சேர்த்துக்கொண்டாள். வாங்க வந்தவர்களை யோசிக்க விடக்கூடாது.