யோகேஸ்வரி செய்த மலை

அரவேணுவில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் செய்தி வந்தது. பழைய அலுவலகத்துக்காரர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: "நம்ம யோகேஸ்வரி காலைல தவறிட்டாங்க. மூணு மணிக்கு எடுக்கறாங்க." கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. சற்றுக் கழித்து எங்கள் பழைய முதலாளி நீளமாக எழுதினார். நம் மலையைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்த குழுவில் யோகேஸ்வரியும் ஒருவர் என்று முடித்திருந்தார்.

'யோகேஸ்வரியும்' என்பதில் இருந்த அந்த 'உம்'மையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேருந்து வந்து போய்விட்டது. அந்த மலையைச் செய்தது குழு இல்லை. அவள் ஒருத்தி. அது தெரிந்தவர்கள் அந்த வாட்ஸப் குழுவில் ஏழு பேர் இருக்கிறோம். ஒருவரும் மறுத்து எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அதனால் இதை எழுதுகிறேன், அவளை அறிந்த உங்களுக்கு.

அவள் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தபோது இருபத்தாறு வயது. தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மா கொழுந்து பறிப்பவர். அலுவலகத்திலிருந்து பேருந்தில் போகிற தூரத்தில், தேயிலைச் சரிவில், தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்திருந்தாள். தங்கும் விடுதிகளின் இணையதளங்களுக்குப் படம் ஏற்றுவதும் அறை விவரங்களைத் தட்டுவதும்தான் அவளுக்குக் கொடுத்த வேலை. எனக்கு அவளைவிட மூன்று வயது அதிகம். குன்னூரில் கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலத்தில் பேசுவது என் பொறுப்பு. என்னை அக்கா என்பாள்.

கோத்தகிரிப் பக்கம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு விடுதிக்காரர் ஒருநாள் வந்தார். அவர் இணையதளத்தைத் திறந்தால் விடுதி நிற்கும் மலை அப்படியே தெரிய வேண்டும். பார்ப்பவர் விரலால் தள்ளினால் மலை சுற்ற வேண்டும். தனியாக எதையும் நிறுவாமல், பிரவுசருக்குள்ளேயே. எங்கள் முதலாளி செய்துவிடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு எங்களைப் பார்த்தார். யாருக்கும் தெரியாது. "நான் கத்துக்கறேங்க சார்" என்றாள் யோகேஸ்வரி. சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவள் தமிழ் வழியில் படித்தவள். ஒரு வாக்கியத்தை இரண்டு முறை வாசிப்பாள், பிறகு நாற்காலியைத் திருப்பி என்னிடம் பொருள் கேட்பாள். நான் சொற்களுக்குப் பொருள் சொன்னேன். அதைக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதை அவளேதான் கண்டுபிடித்தாள். ஒன்பது நாள் அவள் திரை கறுப்பாகவே இருந்தது. வழக்கமான நிரலில் பிழை இருந்தால் எந்த வரியில் என்று கணினி சொல்லும். இதில் அப்படி இல்லை. ஓர் எண் இடம் மாறினாலும் திரை கறுப்பாக இருக்கும், வேறொன்றும் சொல்லாது. "திட்டினாலாவது பரவாயில்லைக்கா" என்றாள் ஒருநாள். "என்ன தப்புன்னே சொல்லாம மொகத்தைத் திருப்பிக்குது."

பத்தாம் நாள் ஒரு சிவப்பு முக்கோணம் வந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இதுக்கா பத்து நாளு?"

"மலை முழுக்க இதுதானுங்க சார். இதையே லட்சம் தடவை போடணும்."

அவர் போய்விட்டார். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மலையின் உயரங்களைச் சாம்பல் நிறப் படமாகத் தரும் ஓர் இலவச இணையதளத்தைத் தேடிப் பிடித்தாள். வெளுத்த இடம் மேடு, கறுத்த இடம் பள்ளம். அதைப் படித்து முக்கோணங்களின் முனைகளை உயர்த்தினாள். மலை எழுந்தது. ஆனால் வெளிச்சம் கொடுத்ததும் பள்ளமெல்லாம் மேடாகவும் மேடெல்லாம் பள்ளமாகவும் தெரிந்தது. மூன்று நாள் சூரியனை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டு ஓடி வந்தாள். "சூரியன்ல தப்பே இல்லீங்கக்கா. ஒவ்வொரு துண்டு நெலமும் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு நாமதான் சொல்லணும். நான் எல்லாத்தையும் பூமிக்குள்ள பாக்க வெச்சிருக்கேன்." ஒரு கழித்தல் குறி போட்டாள். கீழ்ச் சரிவு வரைக்கும் காலை வெயில் விழுந்தது. எனக்குப் பழக்கமான மலை அது. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

சரிவில் தேயிலையைப் பச்சையாகப் பரப்பினாள். தோட்டத்துப் பாதையை வளைத்துப் போட்டாள். லைன் வீடுகளைச் சின்னப் பெட்டிகளாக வைத்தாள், பன்னிரண்டு. நாலாவது அவள் வீடு. அதற்கு மட்டும் நீலக் கதவு. மழையில் பேருந்து நின்றுபோன வாரங்களில் வீட்டிலிருந்தே வேலை செய்து அதை முடித்தாள்.

விடுதிக்காரர் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பிரமாதம்" என்றார். பிறகு விரலை வைத்து, "இந்த லைன் வீடெல்லாம் வேண்டாமே. கெஸ்ட்டுக்கு அது எதுக்கு?" என்றார்.

"அங்க இருக்குங்க சார்" என்றாள் அவள்.

"இருக்கட்டும்மா. படத்துல வேண்டாம்."

முதலாளி அவளை எடுக்கச் சொன்னார். அவள் எடுக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. வேறு வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவள் கிளம்பிய பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவள் நிரலை அவள் பக்கத்தில் உட்கார்ந்தே படித்திருந்ததால் எனக்கு இடம் தெரியும். பன்னிரண்டு வரிகளை அழித்தேன். மலையில் தேயிலை மட்டும் மிஞ்சியது. மறுநாள் அவள் திறந்து பார்த்தாள். யார் செய்தது என்று கேட்கவில்லை. என்னைத் தவிர அந்த இடம் வேறு யாருக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு தொழில் கூட்டத்தில் அந்த மலையைக் காட்டினார்கள். மேடையேறி விளக்கியது நான். ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றார் முதலாளி. அவளும் வந்திருந்தாள், கடைசி வரிசையில். கேள்வி நேரத்தில் ஒருவர் இதைச் செய்தது யார் என்று கேட்டார். முதலாளி மைக்கை வாங்கி என் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும், திருத்தியிருக்கலாம். மைக் மறுபடியும் என் கைக்கு வந்தது. நான் நன்றி சொன்னேன்.

திரும்பி வரும் வேனில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போது, "நல்லாப் பேசினீங்கக்கா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மூன்று மாதத்தில் அவள் வேலையை விட்டாள். பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஏதோ செய்துகொண்டிருந்தாள் என்று கேள்விப்பட்டேன். கோயம்புத்தூர்க் கூட்டத்தில் கிடைத்த அறிமுகத்தால் எனக்கு நல்ல இடம் கிடைத்தது. அங்கே போய்த்தான், நான் பிரதியெடுத்து வைத்திருந்த அவள் நிரலை வரிவரியாகப் படித்து, உண்மையிலேயே கற்றுக்கொண்டேன். குறிப்புகளைத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். 'இங்கே கவனம், நிலம் பார்க்கும் திசை' என்று ஓரிடத்தில் இருந்தது.

அவளுக்குக் கருப்பையில் புற்று என்று சென்ற ஆண்டு தெரிந்தது. கோயம்புத்தூரில் சிகிச்சை நடந்தது. அந்த மாதங்களில் வேலையாக நான் இரண்டு முறை கோயம்புத்தூர் போனேன். மருத்துவமனை இருக்கும் சாலை வழியாகவே போனேன், உள்ளே போகவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

செய்தி வந்த அன்று மூன்று மணிக்குப் போனேன். லைன் வீடுகளுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதலாளி மாலையோடு வந்து, ஐந்து நிமிடம் நின்று, கிளம்பினார். எல்லாம் முடிந்தபின் அவள் அம்மா என்னைப் பார்த்து அருகில் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானே ஸ்டெல்லா? அந்த மலையோட உன் படம் பேப்பர்ல வந்திச்சின்னு புள்ள கொண்டாந்து காட்டினா. எங்கூட வேலை செய்யிற அக்கான்னா."

"அம்மா, அந்த மலையைச் செஞ்சது நான் இல்லீங்க. உங்க பொண்ணு." சொல்லிவிட்டேன். ஆறு வருடம் கழித்து, அவளைப் புதைத்த பிறகு.

அவர் என் கையை விடவில்லை. "அது எனக்குத் தெரியாதா? இந்த வாசப்படியில குந்திக்கிட்டுத்தானே செஞ்சா. நான் பக்கத்துலதானே இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்புறம் ஏன் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலைன்னுதான் எனக்கு வெளங்கலை, மகள்."

தேநீர் கொடுத்தார்கள், குடித்தேன், கிளம்பினேன்.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் நமக்குத் தந்ததைச் சொல்லி முடிப்பது வழக்கம். யோகேஸ்வரி எனக்குத் தந்தது என் தொழில். இன்று நான் உண்ணும் சோறு அவள் ஒன்பது நாள் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்ததில் வருகிறது. தராமல் நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு: அன்று அந்த அரங்கில் எழுந்த கைதட்டல். அது அவளுடையது. அவள் கடைசி வரிசையில் இருந்தாள். நான் மேடையில் இருந்தேன். அவள் பெயரைச் சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தால், அது தனக்கென்று அவள் காதில் விழுந்திருக்கும்.