காசிமாயன் அனுப்பிய சீசா

திருவாதவூரில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டில் பிறந்து டாக்டருக்குப் படித்த காசிமாயன், கடைசிவரை ஒருத்தர் நாடியையும் பிடித்ததில்லை. சென்னையில் பன்னிரண்டு வருஷம், எந்த மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். தவளைக்கு மருந்து ஏற்றிப் பார்த்துக் கட்டுரை எழுதினார். ஊரில் அவருக்குத் 'தவளை டாக்டர்' என்றே பெயர். ஊர் வாயை யாரால் மூட முடியும்? தங்கச்சி அன்னக்கொடி மட்டும், யாராவது சிரித்தால் சண்டைக்குப் போவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் வாத்தியார் வேலையை உதறிவிட்டு, ஆரப்பாளையத்தில் சிக்கந்தர் ராவுத்தர் தொடங்கிய மருந்துக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். எழுதி எழுதிச் சலித்துப்போச்சு, நாலு பேர் பிழைக்கிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை. நியாயமான ஆசைதான்.

உலகச் சண்டை வந்து, குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா ஜாவாவிலிருந்து வருவது நின்றுபோனது. நாற்பத்துமூன்றில் சுற்றுவட்டாரமெல்லாம் குளிர்காய்ச்சல். காசிமாயன் சிங்கோனாப் பட்டையிலிருந்து ஒரு தூள் எடுத்து, தண்ணீரில் கலந்து மருந்து கூட்டினார். தண்ணீரில் கரையாத தூள்; ஆனால் காய்ச்சலுக்கு நன்றாகவே கேட்டது. ஜில்லா மருந்துக் கமிட்டிக்கு அவரையே தலைவராகப் போட்டார்கள். நாற்பது ஊருக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே. முதல் பெட்டி திருவாதவூருக்குப் போனது. அதில் ஒரு சீசா அன்னக்கொடிக்கு; அவளுடைய மூத்த மகள் இருளாயி காய்ச்சலில் கிடந்தாள்.

எட்டாம் நாள், பிள்ளை செத்துப்போச்சு என்று ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னான்.

அளவு சரி, மருந்தும் சரி, எங்கே பிசகியது என்று ஊருக்குப் போகிற வழியெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு போனார். அன்னக்கொடி அவரைக் குறையே சொல்லவில்லை.

"ஒரு வேளை தப்பாமக் குடுத்தேண்ணே. கசாயம் மாதிரி தெளிய வச்சு, மேலால இறுத்துத்தான் குடுத்தேன். அடியில நின்ன மண்டிய அலசிக் கொட்டிட்டேன்."

மருந்து முழுக்க அந்த மண்டியில்தான் இருந்தது. குலுக்கிக் குடிக்கச் சொல்லிச் சீசாவில் ஒட்டிய சீட்டில் அச்சடித்திருந்தார்கள், இங்கிலீஷில். அந்தப் பக்கத்தில் யாரும் கசாயத்தை மண்டியோடு குடிப்பதில்லை. கமிட்டியில் இருந்த மற்றவர்கள் பட்டணத்துக்காரர்கள், அவர்களை விடுங்கள். தெளிந்த கசாயம் குடித்து வளர்ந்த இந்த மனுஷனுக்கு அது தோன்றவில்லையே, அதுதான் வயிறு எரிகிறது. நாற்பது ஊரிலும் இந்நேரம் தெளிய வைத்துக்கொண்டிருப்பார்கள்.

"சின்னவளுக்கும் நேத்துல இருந்து குளுருதுண்ணே. இன்னொரு சீசா இருந்தாக் குடு," என்றாள்.

சீசா பையில் இருந்தது. சும்மா கொடுத்தால் சின்னவளும் போய்விடுவாள். குலுக்கச் சொன்னாலோ, மூத்தவளுக்கு என்ன நடந்தது என்று அன்னக்கொடிக்கு விளங்கிவிடும். இது வேறு மருந்து என்று ஒரு பொய் வாய்வரை வந்தது. ஆனால் நாளைக்கு ஊரூராகத் தமுக்கடித்து உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அவள் காதில் விழாமலா இருக்கும்?

சீசாவை நன்றாகக் குலுக்கி, தானே சின்னவளுக்குப் புகட்டினார்.

"தப்பு என்னோடது தாயி," என்றார். "அடியில நின்னதுதான் மருந்து."

அன்னக்கொடி அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்:

"அப்ப அவ உசுர நாந்தான் அலசிக் கொட்டிருக்கேனாண்ணே?"

அவர் எவ்வளவோ சொன்னார். எதுவும் அவளிடம் போய்ச் சேரவில்லை.

சின்னவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்னக்கொடி அதற்கப்புறம் எந்தப் பிள்ளைக்கும், எந்த மருந்தையும், தன் கையால் ஊற்றிக் கொடுத்ததே இல்லை.